எழுதாதது நடக்காதது

திருகோணமலை
09.02.2025

மகள் ஜெயரூபிக்கு மாமா முருகேசு சொல்லி எழுதுவிக்கிறது.

புரெவிப் புயல் எங்கட கூரைக்கு மேலால போனதுக்கு அடுத்த வருசம். சனம் பெற்றோல் செட்டுக்கு முன்னால மோட்டச்சைக்கிளிலயே கிடந்து எழும்பினதுக்கு முந்தின வருசம். கொழும்புக் கடலில சரக்குக் கப்பல் எரிஞ்சு ஆமையெல்லாம் செத்து ஒதுங்கினதும் அந்த வருசம்தான். ஆவணியில உன்ர புருசன், என்ர மகன் யுகேந்திரன், போனான். முப்பத்தோராம் நாள் முடிஞ்ச அடுத்த நாள் காலமை நீ பையைத் தூக்கிக்கொண்டு படலையைச் சாத்தினாய். நான் அதுக்குக் கொளுக்கி போடேல்லை. மூண்டரை வருசமாப் போடேல்லை. ஆடு உள்ள வந்து செவ்வந்தியைத் தின்னுது. தின்னட்டும்.

உன்ர தம்பி துவாரகனை மீன் சந்தையில கண்டனான். "அக்கா அமெரிக்காக்காரன்ர நோய் வருத்தத்துக்கெல்லாம் இன்சூரன்ஸ்காரனுக்கெண்டு கொழும்பில இருந்து இலக்கம் போடுறா" எண்டான். வருத்தத்துக்கு எதுக்கடா இலக்கம் எண்டன். "எல்லாத்துக்கும் இருக்கு மாமா, கோழி கொத்தினதுக்கும் இருக்கு" எண்டான். பகிடி விடுறான் எண்டு நினைச்சன், சத்தியம் பண்ணினான். ரெண்டு சோதினையில எதை எடுக்கிறதெண்டு தெரியாமல் நீ முழுசிக்கொண்டிருக்கிறாய் எண்டும் சொன்னான்.

போனில கூப்பிட்டிருக்கலாம். போன முறை நான் கத்தினதும் நீ வைச்சதும் நினைவிருக்கு. கடிதமெண்டா நடுவில ஒரு ஆள் இருக்கும். பிற ஆளுக்கு முன்னால ரெண்டு பேரும் அடங்கிக் கதைப்பம். எழுதித் தாறது மதிலுக்கு அங்கால புதுசாக் குடிவந்திருக்கிற றஹ்மா. ஆசுப்பத்திரியில அற்றண்டனா இருந்து பென்சன் எடுத்தவ. எழுத்து முத்து முத்தா இருக்காம், பார்த்தவை சொல்லுகினம். எனக்கு எல்லா எழுத்தும் ஒண்டுதான்.

(மகள், அண்ணன் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுறன். நடுவில வாய் திறக்கக்கூடாது எண்டு எனக்கும் கட்டளை. – றஹ்மா)

அந்த ரெண்டு சோதினையும் என்னெண்டு எழுது. இந்தக் கிழவனுக்கு என்ன விளங்கும் எண்டு நினையாதை. துறைமுகத்தில கப்பல் மூட்டை இறக்கிற லைட்டர் வள்ளத்தில முப்பத்தாறு வருசம் நிண்டனான். கப்பலின்ர பேரை வாசிக்கத் தெரியாது. புகைக்குழாயின்ர நிறத்தைக் கண்டு எந்தக் கம்பனி, எத்தினையாந்தரம் வருகுது எண்டு சொல்லுவன்.

மாமா


வெள்ளவத்தை
20.02.2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரம்மா "திருகோணமலையால தபால்" என்று தந்தபோது கூடாத செய்தியாக்கும் என்று படியிலேயே இருந்து உடைத்தேன். சுகமாக இருக்கிறேன் என்று ஒரு சொல்லும் இல்லாமல் நாலு பக்கம். சுகமாகத்தான் இருக்கிறீர்கள் போல.

கேட்டதற்குப் பதில். முதலாவது சோதனைக்குப் பேர் சீபீசீ. டொக்டரிடம் காட்டிவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகிற ஆட்களின் கோப்பு. நூறு கேள்வி, நாலு மணித்தியாலம், இலக்கப் புத்தகங்களைத் திறந்து பார்க்கலாம். பாஸ் பண்ணினாலும் பேருக்குப் பின்னால் ஒரு ‘ஏ’ ஒட்டியிருக்கும், இன்னும் பழகுகிற ஆள் என்று. அனுபவம் காட்டினால்தான் அது விழும். ஆனால் போகிற இடமெல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள்.

மற்றது சீஐசீ. ஆசுப்பத்திரியில் கட்டிலில் கிடந்தவர்களின் கோப்பு. உள்ளே வந்த நேரத்தில் இருந்து வெளியே போன நேரம் வரை எல்லாத் தாளையும் வாசிக்கவேண்டும். ஆள் எதற்காகக் கிடந்தார் என்பதற்கு ஓர் இலக்கம், கடைசியில் எப்படிப் போனார் என்பதற்கு ஓர் இலக்கம். கஷ்டம். அதைச் செய்கிற ஆட்களும் குறைவு. எங்களுக்குப் படிப்பிக்கிற கௌசிகா மிஸ் நான் அதற்குத்தான் பொருத்தம் என்கிறா. ஒரு சோதனைக்குத்தான் கம்பனி அனுப்பும். ஏப்ரல் முடிய முதல் எது என்று சொல்லவேண்டும். நான் முதலாவதைத்தான் எடுப்பன்.

முதல் நாளே மிஸ் ஒன்று சொல்லித் தந்தவ: எழுதாதது நடக்காதது. டொக்டர் ஊசி போட்டிருக்கலாம், நோயாளிக்குச் சுகம் வந்திருக்கலாம். தாளில் இல்லையென்றால் ஊசி போடவில்லை. நாங்களாக ஊகிக்கக்கூடாது. எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருக்கிறது, மாமா. ஆட்களை நம்பினதற்குத் தாளை நம்பலாம்.

கட்டில் பக்கம் நான் ஏன் போகமாட்டன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஜெயரூபி

படலைக்குக் கொளுக்கி போடுங்கோ. ஆடு செவ்வந்தியோடு நிற்காது.


திருகோணமலை
04.03.2025

பிள்ளை ரூபி,

சுகமா இருக்கிறன். முழங்கால் மட்டும் மழைக்கு முதல் அறிவிக்குது.

அந்த ‘ஏ’ விளங்கினது. புதுசாப் பழகுறவன் மோட்டச்சைக்கிளில ‘எல்’ போட்டுக்கொண்டு திரியிற மாதிரியாக்கும். அதில வெட்கமில்லை. இஞ்ச ‘எல்’ போடாதவங்கள்தான் மதிலில ஏத்துறாங்கள்.

மற்றது நீ எழுதினது, எழுதாதது நடக்காதது எண்டு. அதை றஹ்மாவை மூண்டு தரம் வாசிக்கச் சொன்னனான். அப்பிடியெண்டா நான் நடக்காத மனிசன் பிள்ளை. நான் பிறந்ததை ஆரும் பதியேல்லை. பிறகு அரசாங்கக் கச்சேரியில ஒரு கிளாக்கர் என்ர பல்லைப் பார்த்து ஒரு திகதி போட்டான். உன்ர மாமி இரத்தினேஸ்வரியைக் கடல் கொண்டுபோனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், ஒன்பது மணி ஆகேல்லை. கையில சம்பல் அரைச்ச மஞ்சள் நிறக் கோப்பை. உடம்பு கிடைக்கேல்லை. செத்தவ எண்டு எழுதித் தர ஒரு வருசத்துக்குக் கிட்டச் சென்றது. அந்த ஒரு வருசமும் அவ உயிரோட இருந்தவவோ? இருந்திருந்தா எனக்குச் சோறு ஆக்கியிருப்பா.

சோதினைக்கு வருவம். லைட்டரில ரெண்டு கிளாக்கர்மார். ஒருத்தன் மூட்டை கப்பலை விட்டு இறங்கிறதை எண்ணுவான். மற்றவன் கரைக்கு ஏறுறதை எண்ணுவான். முதல் ஆளுக்கு எப்பவும் எல்லாம் சரி, வெள்ளைச் சேட்டோட வந்து வெள்ளைச் சேட்டோட போவான். நனைஞ்சது, கிழிஞ்சது, தண்ணியில விழுந்தது எல்லாம் ரெண்டாவது ஆளின்ர தலையில. ஆனா சரக்குக்கு என்ன நடந்ததெண்டு துறைமுகத்தில அவனுக்குத்தான் தெரியும். நீ கரையில நிக்கிற ஆள். கௌசிகா சொல்லுறது சரிபோலக் கிடக்கு.

கட்டில் பக்கம் போகமாட்டன், காரணம் உங்களுக்குத் தெரியும் எண்டிருக்கிறாய். தெரியும். ஆனா நீ ஒரு நாளும் வாய் திறந்து சொல்லேல்லை. முப்பத்தொரு நாளும் எனக்குச் சோறு போட்டாய், முகத்தைப் பார்க்கேல்லை. பேச்சு வாங்கலாம் பிள்ளை. முகம் பார்க்காததைத் தாங்க ஏலாது. சொல்ல உள்ளதை எழுது.

(கடைசி வரியை விடுவம் எண்டு நான் சொன்னன். கேட்கேல்லை. – றஹ்மா)

மாமா


வெள்ளவத்தை
16.03.2025

மாமா,

எழுது என்றீர்கள். எழுதுகிறேன். றஹ்மா அன்ரி, சத்தமாக வாசியுங்கோ. அவருக்கு இடது காது மந்தம், பிறகு கேட்கவில்லை என்பார்.

போன கிழமை பயிற்சிக்கு ஒரு கோப்பு வந்தது. பேர் இல்லை, ஊர் இல்லை. ஆண், நாற்பத்தொரு வயது, சிறுநீரகம் பழுது. மூன்றாம் நாள் டொக்டர் சொல்லைக் கேளாமல் சொந்த விருப்பில் வெளியேறினார். அதற்கு மேல் தாள் இல்லை. எப்படிப் போனார் என்று இலக்கம் போடவேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் ஒன்று. செத்தால் இருபது. சொல்லைக் கேளாமல் போனால் ஏழு. நான் இருபது போட்டன். கௌசிகா மிஸ் பிழை என்றா. "இவர் சாகவில்லையே ரூபி, தாளில் இல்லையே." "செத்தவர் மிஸ், மூன்றாம் நாள் செத்தவர்" என்று கத்திப்போட்டன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்கள் மகனும் ஏழுதான். ஆசுப்பத்திரிக் கோப்பின்படி அவர் சாகவே இல்லை. சொல்லைக் கேளாமல் போனவர், அவ்வளவுதான்.

நான் வெளிக்கிட்ட அன்று அவருடைய கடதாசியெல்லாம் ஒரு பையில் போட்டுத் தந்தீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நான் பஸ்ஸில் வாசித்தன். ஆசுப்பத்திரித் துண்டு. அதோடு குத்தியிருந்த ஒரு தாள்: "நோயாளியை எனது சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன். இதிலுள்ள ஆபத்து எனக்கு விளக்கப்பட்டது." கீழே உங்கள் பெருவிரல், நீல மை. நகத்துக்குக் கிட்ட வெட்டுக்காயத் தழும்பு, வேறு யாருடைய விரலாகவும் இருக்க ஏலாது.

அந்த நேரம் என்னைக் கொரோனா என்று கொண்டுபோய்ப் பாடசாலையில் அடைத்து வைத்திருந்தார்கள். ஈச்சிலம்பற்றில் வாய்க்கால் வெட்டப் போன மனிசனுக்கு எலிக்காய்ச்சல் வந்ததும், அவர் ஆசுப்பத்திரியில் கிடந்ததும் எனக்குப் போனில்தான் தெரியும். பிறகு அவரே எடுத்துச் சொன்னார்: "துண்டு வெட்டியாச்சு ரூபி. சுகம். வீட்டை வந்திட்டன்." துண்டு வெட்டியாச்சு என்றால் ஆசுப்பத்திரி சுகப்படுத்தி அனுப்பினது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நான் அங்கிருந்த பெண்களுக்கெல்லாம் ரொபி கொடுத்தன், மாமா. அவரும் அப்படி நம்பித்தான் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினாலு நாள் கழித்து வந்து நான் கண்டது சாம்பல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அது என்ன தாள் என்று தெரிந்துதானா விரல் வைத்தீர்கள்? எழுத்துத் தெரியாத மனிசனிடம் வாசித்துக் காட்டாமல் விரலைப் பிடித்து அமத்தியிருந்தால் அது உங்கள் பிழை இல்லை. அப்படியென்றால் அப்படிச் சொல்லுங்கோ. ஒரு வரி போதும். சித்திரை வருடப்பிறப்புக்கு நான் வீட்டுக்கு வருவன்.

ஜெயரூபி


திருகோணமலை
25.03.2025

பிள்ளை,

எனக்கு எழுத்துத் தெரியாது.

சித்திரைக்கு வா.

மாமா

(மகள், சொன்னது இவ்வளவுதான். தாளை மடிச்சும் போட்டன். அண்ணன் இன்னும் கதிரையை விட்டு எழும்பேல்லை. தேத்தண்ணி ஆறிக் கிடக்குது. – றஹ்மா)


வெள்ளவத்தை
02.04.2025

அன்புள்ள மாமா,

ஒரு வரி கேட்டேன், தந்துவிட்டீர்கள். அதை வைத்துக்கொண்டு குளியலறையில் நின்று அழுதேன். வீட்டுக்காரம்மா கதவில் தட்டி, "தண்ணி வீணாகுது பிள்ளை" என்றா.

மூன்றரை வருடம் ஒரு வயதான மனிசனை வெறுத்ததற்கு ஏதாவது இலக்கம் இருக்கிறதா என்று புத்தகத்தில் தேடினன். கோழி கொத்தினதற்கு இருக்கிறது. இதற்கு இல்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கோ.

பன்னிரண்டாம் திகதி காலை பஸ்ஸில் வருகிறேன். உங்களுக்கு ஒரு சாரமும், முழங்காலுக்கு எண்ணெயும் எடுத்து வைத்திருக்கிறேன். றஹ்மா அன்ரிக்கு என்ன பிடிக்கும் என்று எழுதுங்கோ.

சோதனைக்கு சீபீசீ என்று படிவம் நிரப்பிவிட்டேன், இன்னும் கொடுக்கவில்லை. வந்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற ஆட்களோடேயே இருக்கிறேன். ஏழு இல்லாத பக்கம். கௌசிகா மிஸ்ஸுக்குக் கவலைதான்.

இன்னுமொன்று. இனி எனக்குக் கோபம் உங்களில் இல்லை, மற்ற ஆளில். அந்தத் தாளை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். சாட்சி என்ற இடத்தில் ஒரு கையொப்பம். கிறுக்கல், ஆனால் ‘ற’ என்று தொடங்குவது தெரிகிறது. உங்கள் விரலைப் பிடித்து வைத்த ஆள் அதுதான். "விளக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிற தாளில், ஒன்றும் விளக்காமல், படிக்காத மனிசனை ஏமாற்றிய ஆள். முறைப்பாடு எழுதிவிட்டேன். அந்த ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பென்சனில் போயிருந்தாலும் விடமாட்டன். நான் வந்ததும் நீங்கள் அதில் விரல் வைக்கவேண்டும். இந்த முறை நான் முழுக்க வாசித்துக் காட்டின பிறகு.

உங்கள் மகள்
ரூபி


திருகோணமலை
07.04.2025

மகள் ரூபிக்கு,

உன்ர கடிதத்தை றஹ்மா வாசிச்சா. கடைசி வரைக்கும் வாசிச்சா, குரல் தளம்பேல்லை. மடிச்சு வைச்சு, கண்ணாடியைக் கழட்டி, "நல்ல பிள்ளை. வரட்டும். எனக்குச் சாமான் ஒண்டும் வேணாம் எண்டு சொல்லுங்க" எண்டிட்டு எழும்பிப் போனா. மதில் மட்டும் போனவவை நான்தான் திருப்பிக் கூப்பிட்டனான்.

நான் அனுப்பின ஒரு வரி பொய்யில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா நீ கேட்டது அதில்லை. எழுத்துத் தெரியாதவன் எண்டது நல்ல ஒளிப்பிடம் பிள்ளை. ஆமிக்காரன் கேட்டாலும் தெரியாது, விதானை கேட்டாலும் தெரியாது. எழுபத்தொன்பது வயசு வரைக்கும் எத்தினை தரம் அதுக்குப் பின்னால நிண்டிருப்பன். நீ கதவைத் திறந்து பிடிச்சாய், நான் உள்ள பூந்திட்டன். இந்தமுறை எனக்குப் பதிலா இன்னொரு ஆளை வெளியில விட்டிட்டன்.

தெரிஞ்சுதான் விரல் வைச்சனான்.

செவ்வாய்க்கிழமை. தேத்தண்ணி வண்டி போய்ப் பத்தேகால் இருக்கும். டொக்டர் தம்பி தாளை எழுதித் தந்திட்டு அடுத்த வாட்டுக்கு ஓடிட்டார். வாட்டில நிண்ட நேர்ஸ் கமலேஸ்வரி மிஸ்ஸி அதை ரெண்டு தரம் வாசிச்சவ. தாளில இல்லாததையும் சொன்னவ. "ஐயா, மகனுக்குச் சலம் போறது குறைஞ்சுகொண்டு வருகுது. மட்டக்களப்புக்கு அனுப்பி ரத்தம் கழுவவேணும். கொண்டுபோனா தப்பமாட்டார். விளங்கினதோ?" ஓம் விளங்கினது எண்டனான்.

வீட்டை போகக் கேட்டது யுகேந்திரன். பக்கத்துக் கட்டில் அருளம்பலத்தாருக்கு அண்டைக்குக் காலமை கொரோனா எண்டு சொல்லி, அவர்ர சாமானைக் கறுப்புப் பையில கட்டினவை. மனிசன் இன்னும் கட்டிலில இருக்கிறார், தன்ர பையைத் தானே பார்த்துக்கொண்டு. இவன் அதைப் பார்த்துப்போட்டு என்ர கையைப் பிடிச்சான். "அப்பா, மட்டக்களப்பு வேண்டாம். என்னையும் கொரோனாப் பக்கம் போட்டிடுவாங்கள். சீல் வைச்ச பெட்டியில நான் போகமாட்டன். வீட்டை கொண்டுபோங்கோ." ஊசி குத்தின கை வீங்கி, அவனுக்குப் பேனை பிடிக்க ஏலாது. அதாலதான் என்ர விரல். மாட்டன் எண்டு மூண்டு தரம் சொன்னனான். நாலாந்தரம், சின்னப் பிள்ளையில கூப்பிட்ட மாதிரி, "அப்பு" எண்டான்.

விரலைத் தாளில உருட்டேக்கை இன்னொண்டும் சொன்னான். "ரூபிக்கு நான் கேட்டனான் எண்டு சொல்லாதேங்கோ. துண்டு வெட்டினதெண்டு நானே சொல்லுறன். பிறகு அவளுக்குக் கோபம் வந்தா உங்களில வரட்டும் அப்பா. என்னில வந்தா, அவளுக்கு என்னை நினைக்க ஏலாமப் போயிடும்."

அதாலதான் பேசாமல் இருந்தனான். கனக்கேல்லை எண்டு சொல்லமாட்டன்.

ஆனா அவன் கேட்டான் எண்டு நான் தப்ப ஏலாது. ஏலாது எண்டு நிண்டிருக்கலாம். நிண்டிருந்தா இண்டைக்கு அவன் என்னோட கோவிச்சுக்கொண்டு, கதையாமல், உயிரோட இருந்திருப்பான். அந்தப் பிழை என்ர. அவனில போடாதை, மிஸ்ஸியில போடாதை, வேற ஆரிலயும் போடாதை.

வீட்டில இருந்த மூண்டு நாளும் உன்ர தையல் மெசினடியிலதான் பாய் போடச் சொன்னான். மிதியில காலை வைச்சு ஆட்டிக்கொண்டு கிடந்தான். துணியுமில்லை நூலுமில்லை. ஏனடா எண்டு கேட்டன். நீ உள்ளறையில இருந்து தைக்கிற மாதிரி இருக்குதாம். இது ஒரு தாளிலயும் இல்லை. நடந்தது.

உன்ர சோதினை உன்ர விருப்பம். முந்தி நான் சொன்னதை விடு, கிழவனுக்கு வாய் கூட. ஆனா ஏழுக்குப் பயந்து முடிவெடுக்காதை. ஏழு எண்டா ஏழையே போடு, இருபது போடாதை, ஊகிக்காதை. அந்த ஏழுக்கு அங்கால ஒரு வீடு இருக்குது எண்டு மட்டும் தெரிஞ்சுகொண்டு போடு. அது உன்ர மிஸ்ஸுக்குத் தெரியாது.

வருடப்பிறப்புக்கு வாறதும் வராததும் இனி நீ யோசி. கோபமும் என்னில இருக்கலாம், அதுக்கு நான் பழகினனான். படலைக்கு இன்னும் கொளுக்கி போடேல்லை.

முறைப்பாட்டைக் கிழி. நான் சொன்னன் எண்டு நம்பவேண்டாம், ஒருக்கா ஒளிச்சவன். அண்டைக்கு அந்தக் கட்டிலடியில நிண்டு யுகேந்திரன்ர வாயைக் கேட்ட ஆக்களைச் சொல்லுறன். அருளம்பலத்தார் நாலாம் நாள் போனார், அவன் பயந்த அதே பெட்டியில. கமலேஸ்வரி மிஸ்ஸி அடுத்த மாசம், அதே வருத்தம். எங்களை வீட்டை கொண்டுவர வந்து கட்டில் காலடியில நிண்ட ஓட்டோ அலியார், போன வருசம் நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், நெஞ்சுக்குத்து. யுகேந்திரன். பிறகு நான், என்னைச் சேர்க்காதை.

இன்னும் ஒரு ஆள். என்ர பெருவிரலைப் பிடிச்சு மையில தோய்ச்சு, தாளில உருட்டி, சாட்சிக்குக் கையொப்பம் வைச்சு, பிறகு தன்ர லேஞ்சியால என்ர விரலைத் துடைச்சு விட்ட ஆள். இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு நான் அண்டைக்கே சத்தியம் வாங்கின ஆள். நீ அந்த ஆளை ஏமாத்தினதெண்டு எழுதினதையும் சத்தமா வாசிச்ச ஆள். இந்த இடத்தில பேனையை மேசையில வைச்சிட்டு, என்ர பேரை நான் எழுதமாட்டன் அண்ணன் எண்டுறா. எழுதுங்கோ தங்கச்சி, எழுதாதது நடக்காதது எண்டு அந்தப் பிள்ளை படிச்சிருக்கு எண்டுறன்.

கேட்டுப்பார். அவ ஒருத்திதான் இனி உயிரோட.

றஹ்மா.